வண்டிக்கு எண்ணெய் போட்டாச்சு... உங்களுக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மணி ஏழுகூட ஆகவில்லை. பிள்ளையார்பாளையத்தில் என் வைத்தியசாலைக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தால் இரண்டு பேர். ஒருவர் எனக்கு நன்றாகப் பழக்கமான பெரியவர். அறுபதைத் தாண்டியும் தினமும் தறியில் உட்காருகிறவர். கூட அவருடைய மகன். முப்பது வயதிருக்கும். வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான். துண்டு முழுக்க ரத்தம். நடுநடுவே கறுப்பாகக் கிரீஸ்.

"அய்யா, ஏதாவது பச்சிலை வெச்சுக் கட்டி விடுங்க. ரத்தம் நிக்க மாட்டேங்குது" என்றார் பெரியவர்.

துண்டைப் பிரித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவிரல் நகத்தோடு பிளந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். அப்பா வாங்கி வைத்த பழைய புல்லட். அதைத் துடைத்து, பளபளவென்று வைத்துக்கொள்வது பையனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு, முதல் கியரைப் போட்டு, சுற்றிக்கொண்டிருந்த சங்கிலியைப் பழந்துணியால் துடைத்திருக்கிறான். பல்சக்கரம் துணியை இழுத்தது. துணியோடு விரலும் போனது.

சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். பச்சிலை வைக்கவில்லை. அது பச்சிலை வைக்கிற காயம் இல்லை. ஆட்டோவில் ஏறும்போது பெரியவர் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை: "கோர்வை போடற கை அய்யா அது."

பட்டுப்புடவையின் உடம்பையும் கரையையும் தனித்தனி நாடா விட்டு, இழை பிசகாமல் சேர்ப்பதுதான் கோர்வை. அதற்கு விரல் நுனியில் உணர்ச்சி வேண்டும். எங்கள் ஊரில் விரல் என்பது வெறும் விரல் இல்லை, சோறு.

அன்றைக்கே இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிளை ஆசையாக வைத்திருப்பவர்கள் வண்டிக்கு எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று தேதியோடு சொல்வார்கள். தன் உடம்பைப் பற்றிக் கேட்டால் முழிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

நானும் அந்தக் கட்சிதான்

"வைத்தியருக்கும் புல்லட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளிலேயே ஒரு சீனியரின் புல்லட்டின் பின்னால் உட்கார்ந்து திருநெல்வேலி முழுக்கச் சுற்றியவன் நான். வேலைக்கு வந்து, பணம் சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினேன். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் உள்ள பழைய மாடல். இன்றும் ஓட்டுகிறேன். அதனால், "மோட்டார் சைக்கிளே வேண்டாம்" என்று உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. செய்யவும் மாட்டேன்.

இந்த வண்டி நம்ம பக்கத்து வண்டி என்பது பலருக்குத் தெரியாது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் கூட்டாகச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்குமே ஏற்றுமதி தொடங்கியது. மகன் அப்பனுக்கே சோறு போட்ட கதை! 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் வந்தன. இரண்டும் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். ஒரு பக்கம் பட்டு, ஒரு பக்கம் புல்லட்.

தறிக்குழியும் வண்டி சீட்டும்

குழித்தறியைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் பலகை. பலகையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்க வேண்டும். முதுகு முன்னால் வளைந்திருக்கும். கழுத்து குனிந்திருக்கும். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை அப்படியே.

இப்போது மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். உட்காரும் நிலை கிட்டத்தட்ட அதேதான். இடுப்புக்குச் சாய்மானம் கிடையாது. போதாததற்குப் பள்ளம் மேட்டில் விழும் குலுக்கல் ஒவ்வொன்றும் நேராக முதுகெலும்பின் அடி எலும்புகளில் போய் இறங்குகிறது. ஆறு நாள் தறியில் வளைந்த முதுகு, ஏழாம் நாள் வண்டியிலும் வளைந்தால் அதற்கு விடுமுறை எப்போது? நெசவாளர் மட்டும் இல்லை. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர், கடையில் கல்லாவில் உட்காருகிறவர், எல்லோருக்கும் இதே கணக்குதான்.

சித்த மருத்துவத்தில் அசைவு, வலி, மரமரப்பு எல்லாம் வாதத்தின் பொறுப்பு. யூகி முனிவர் வாத நோய்களை எண்பதாகப் பிரித்தார். அலைச்சல், குலுக்கல், அகால உணவு, தூக்கம் கெடுவது எல்லாமே வாதத்தைக் கிளப்பும். வண்டியில் நெடுந்தூரம் போகிறவர் இத்தனையையும் ஒரே நாளில் செய்துவிடுகிறார்.

உட்காருவதில் நான்கு விஷயம் கவனியுங்கள்.

ஒன்று, கையை விறைப்பாக நீட்டிப் பிடிக்காதீர்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். அப்போது குலுக்கல் முழங்கையோடு நின்றுவிடும், தோளுக்கும் கழுத்துக்கும் ஏறாது.

இரண்டு, தொடை இரண்டும் டேங்க்கைத் தொட்டுப் பிடித்திருக்கட்டும். உடம்பின் பாரத்தைத் தொடை தாங்கினால் மணிக்கட்டு தப்பிக்கும்.

மூன்று, பள்ளத்தைப் பார்த்தால் பாதத்தை ஊன்றி இடுப்பைச் சீட்டிலிருந்து ஒரு விரற்கடை தூக்குங்கள். முழங்கால் அடியை வாங்கிக்கொள்ளும், முதுகு பிழைக்கும்.

நான்கு, முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். டீ குடிப்பது உங்கள் இஷ்டம். நடப்பது கட்டாயம்.

சாதாரண இடுப்பு வலிக்கு நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுக்கலாம். உளுந்துத் தைலத்தை வெதுவெதுப்பாகத் தடவலாம். ஆனால் வலி ஒரு காலில் மின்சாரம் போல இறங்கினாலோ, கால் பலம் குறைந்தாலோ தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீட்டில் படும் இடம் மரத்துப்போய், சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான். அது நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம். நேரம் போனால் திரும்பி வராது.

விரல் மரத்துப் போகுதா?

பழைய புல்லட்டுக்கு ஒற்றை சிலிண்டர், 346 சி.சி. பிஸ்டன் 90 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய் வருகிறது. அந்தத் 'தட் தட்' சத்தம்தான் நமக்குப் பிடிக்கும். அதே தட்டுதான் கைப்பிடி வழியாக உள்ளங்கைக்குள் புகுந்து நரம்பையும் சின்ன ரத்தக் குழாய்களையும் தட்டுகிறது. 2020-க்குப் பிறகு வந்த 349 சி.சி. இன்ஜினில் அதிர்வை அடக்கவே பேலன்சர் தண்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய வண்டிக்கு அந்த வசதி இல்லை.

என்னிடம் ஒருவர் வந்தார். "விரல் எல்லாம் எறும்பு ஊறுது, சூரணம் கொடுங்க" என்றார். எந்த விரல் என்று கேட்டேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு. மோதிர விரலும் சுண்டு விரலும் என்றால் உள்ளங்கை ஓரத்தில் போகும் நரம்பு. இவருக்கு முன்னது. வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். "மருந்து எனக்கா, வண்டிக்கா?" என்று சிரித்தார்.

பார்த்தால், கிளட்ச் லீவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டும். இன்ஜினை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் போல்ட் ஒன்று லூஸ். கைப்பிடி ரப்பர் கல்லாகியிருந்தது. மெக்கானிக்கிடம் அனுப்பி மூன்றையும் சரி செய்யச் சொன்னேன். கூடவே ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொன்னேன். ஏனென்றால், சர்க்கரை வியாதியும் விரலை மரக்கச் செய்யும். எல்லாப் பழியையும் வண்டி மேல் போட்டுவிடக் கூடாது. அவருக்குச் சர்க்கரை இல்லை. லீவரை இறக்கி, போல்ட்டை முறுக்கிய ஒரு மாதத்தில் எறும்பு போய்விட்டது. நான் கொடுத்தது கைக்குத் தடவ ஒரு தைலம் மட்டும்தான்.

நீங்களே சோதிக்கலாம். சீட்டில் சாதாரணமாக உட்கார்ந்து, கையைக் கைப்பிடியில் வைத்து விரல்களை நீட்டுங்கள். முன்கை, மணிக்கட்டு, விரல், லீவர் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் சரி. இல்லையென்றால் ஸ்பானர் எடுங்கள். டயர் காற்று, ஸ்போக், ஹாண்டில் கோன் செட், இன்ஜின் போல்ட், இந்த நான்கும் சரியாக இருந்தாலே உடம்புக்கு வரும் அதிர்வு பாதி குறையும். வண்டிக்குச் செய்யும் பராமரிப்பு உங்கள் நரம்புக்குச் செய்யும் வைத்தியம்.

இரவில் விரல் மரத்து விழிப்பு வந்தாலோ, குளிரில் விரல் நுனி வெளுத்துப் போனாலோ, கட்டை விரலின் அடிச் சதை வற்றினாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் வாருங்கள்.

அடக்காதீங்க!

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. வண்டி வேகம் இல்லை, உடம்பின் வேகம். சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி, இருமல் என்று இயற்கையாக எழும் பதினான்கு உந்துதல்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாடம்.

நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். சிறுநீர் வந்தால் "அடுத்த ஊர்ல பார்த்துக்கலாம்" என்கிறார்கள். பசித்தால் "போய்ச் சேர்ந்து சாப்பிடலாம்." தூக்கம் வந்தால் முகத்தில் தண்ணீர். ஒரே சவாரியில் நான்கு வேகத்தை அடக்கியாகிவிட்டது. சித்தர்கள் புல்லட்டைப் பார்க்கவில்லை. ஆனால் புல்லட் ஓட்டுகிறவரை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்!

வெயிலும் காற்றும் சேர்ந்து அடிப்பதால் வியர்ப்பதே தெரியாது. உடனுக்குடன் காய்ந்துவிடும். சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாக, எரிச்சலோடு போனால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இப்படியே பழகினால் சிறுநீரகக் கல்லுக்கு வழி. மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது குடியுங்கள். மோர், இளநீர் இன்னும் நல்லது. எரிச்சல் இருந்தால் நெருஞ்சில் முள் பத்து கிராம் இடித்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கலாம். இரண்டு மூன்று நாள் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட மோசமானது தூக்கத்தை அடக்குவது. கண்ணை இழுத்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். இருபது நிமிடம் படுங்கள். அதற்கு மாற்று மருந்து சித்தத்திலும் இல்லை, அலோபதியிலும் இல்லை.

காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். மிளகு, சீரகம், சுக்கு போட்ட எங்கள் ஊர் இட்லி இரண்டு சாப்பிட்டால் உத்திரமேரூர் வரைக்கும் நிம்மதியாகப் போகலாம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். அது வயிற்றில் கிடந்து தூக்கத்தைக் கூப்பிடும்.

சூடும் மூலமும்

"பெட்ரோல் டேங்க் சூட்டில் மூலம் வருமாமே?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். டேங்க் சூட்டில் மூலம் வராது. நீர் குறைந்து, மலம் இறுகி, முக்கி, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் வரும். ஓட்டுகிறவர்களுக்கு இது எல்லாமே இருப்பதால் பழி டேங்க் மேல் விழுகிறது.

துத்தி இலையைச் சிறிது விளக்கெண்ணெயில் வதக்கிக் கீரையாகச் சாப்பிடலாம். கருணைக்கிழங்கைப் புளி சேர்த்து வேகவைத்து மசியல் செய்யலாம். ராத்திரியில் வாழைப்பழம். ஆனால் ஒரு எச்சரிக்கை. மலத்தோடு ரத்தம் போனால் "மூலம்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். முக்கியமாக நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். குடல் புற்றுநோயும் இதே வேஷத்தில் வரும்.

வீட்டு வாசல் மெக்கானிக்குகளுக்கு

வண்டியை வைத்திருப்பதில் பாதி சுகம் அதைக் கழற்றி மாட்டுவதில்தான். எனக்குத் தெரியும். டேப்பெட் பார்க்கும்போது வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஆனால் சில பழக்கங்களை இன்றே விட வேண்டும்.

சங்கிலியை இன்ஜின் ஓடும்போது தொடவே கூடாது. நியூட்ரலில் போட்டு, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, நீளக் கைப்பிடி பிரஷால் தேயுங்கள். பல்சக்கரத்தின் பக்கத்தில் கை போகவே வேண்டாம். துணியை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த நேரம் பக்கத்தில் விடாதீர்கள். சுற்றும் சக்கரம் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான்.

பெட்ரோலை டியூப் வைத்து வாயால் உறிஞ்சாதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் கடுமையான நிமோனியா வரும். யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது பெட்ரோல் நுரையீரலுக்குப் போகும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கை கழுவாதீர்கள். தோலில் உள்ள இயற்கை எண்ணெயை அது உரித்தெடுத்துவிடும். வெடிப்பும் அரிப்பும் வரும். முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துக் கிரீஸைக் கழற்றுங்கள். பிறகு சீயக்காய் அல்லது சோப். பழைய இன்ஜின் ஆயில் வருஷக்கணக்கில் தோலில் பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது. கையுறை போடுங்கள்.

இன்ஜினை மூடிய இடத்தில் ஓட விடாதீர்கள். எங்கள் ஊர் வீடுகள் நீளமானவை. முன்னால் வண்டி, நடுவில் தறி, அதன் பக்கத்திலேயே தூளி. புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், பிறகு விழிப்பே இருக்காது. ஸ்டார்ட் பண்ண வேண்டுமென்றால் வண்டியைத் தெருவுக்குத் தள்ளுங்கள்.

பழைய பிரேக் ஷூவின் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கும். நுரையீரலுக்கு விஷம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

சைலன்ஸரைக் கழற்றிச் சத்தம் போடும் குழாயை மாட்டுவது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். உங்கள் காது போவது இன்னொரு பக்கம். 85 டெசிபலுக்கு மேல் தொடர்ந்து கேட்டால் உள்காதின் நுண்ணிய செல்கள் சாகும். செத்தது முளைக்காது. ராத்திரி படுக்கும்போது காதில் 'கீ' என்று சத்தம் வந்தால் அது முதல் மணி.

பின்சீட்டுப் புடவை

புடவை நெய்யும் ஊர்க்காரன் நான் இதைச் சொல்லாவிட்டால் பாவம். பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும்படி தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. நம் பையன்கள் என்ன செய்கிறார்கள்? "லுக் கெட்டுப் போகுது" என்று முதல் வேலையாக அந்த ஸாரி கார்டைக் கழற்றிப் பரணில் போடுகிறார்கள். பிறகு கல்யாணத்துக்கு அம்மாவையோ மனைவியையோ பட்டுப்புடவையில் பின்னால் உட்கார வைக்கிறார்கள். முந்தானை சக்கரத்தில் சிக்கினால் பட்டு கிழியாது. அவ்வளவு உறுதி. ஆளைத்தான் இழுக்கும்.

இன்றே பரணிலிருந்து எடுத்து மாட்டுங்கள். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகியாயிற்றா என்று பார்த்த பிறகு கிளம்புங்கள். துப்பட்டாவுக்கும் இதேதான்.

இறங்கும்போது சைலன்ஸர் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். பெரிய கொப்புளமானால் டாக்டர். சின்னக் காயம் ஆறி வரும்போது சோற்றுக்கற்றாழைச் சோறு தடவலாம்.

விழுந்தால்...

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமே ஹெல்மெட் கட்டாயம் என்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் கண்டிப்பாக்கினார்கள். "முடி கொட்டுது டாக்டர்" என்பார்கள். கொட்டுவது ஹெல்மெட்டால் அல்ல, உள்ளே துவைக்காத பஞ்சால். வாரம் ஒருமுறை உள்ளுறையைக் கழற்றி அலசி வெயிலில் காயப் போடுங்கள். தலையில் பருத்தித் துணி கட்டிக்கொண்டு மாட்டுங்கள். பொடுகு இருந்தால் பொடுதலைத் தைலம் தேய்த்துக் குளியுங்கள். முடி போனாலும் வாழலாம். தலை போனால்?

விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள். கழுத்து எலும்பில் அடி இருந்தால் அந்த ஒரு அசைவே கை கால்களை முடக்கிவிடும். 108-க்குப் போன் செய்யுங்கள். கை கால் வீங்கிக் கோணினால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். நான் சித்த மருத்துவன், நானே சொல்கிறேன்: முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் எதுவும். தலையில் அடிபட்டு, சரியாகிவிட்டது போல் இருந்து, பிறகு வாந்தியோ தூக்கக் கலக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குப் பணமில்லாச் சிகிச்சை தரும் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. செலவுக்குப் பயந்து யாரும் நேரத்தை வீணாக்கக் கூடாது.

விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ் நேராகச் சதையில் படக்கூடாது.

உங்களுக்கும் ஒரு சர்வீஸ்

தேரையர் தம்முடைய பிணியணுகா விதியில் நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல் என்கிறார். நம்மால் வாரம் ஒன்றாவது முடியாதா? ஆண்களுக்குப் புதனும் சனியும் வழக்கம். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி உச்சி, காது ஓரம், கழுத்து, இடுப்பு, முழங்கால், உள்ளங்கால் என்று தேய்த்து அரை மணி நேரம் ஊறி, வெந்நீரில் குளியுங்கள். காய்ச்சல், சளி இருந்தால் வேண்டாம். அன்றைக்கு வெயிலில் அலையக் கூடாது என்பது பழைய பத்தியம். ஆகவே எண்ணெய் தேய்த்த அன்று வண்டிக்கும் ஓய்வு. சனி குளியல், ஞாயிறு சவாரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் இருமுறை முடக்கத்தான் தோசை மூட்டுக்கு நல்லது. ஊறவைத்த அரிசியோடு ஒரு கைப்பிடி கீரையைச் சேர்த்து அரைத்து வார்க்க வேண்டியதுதான். சூரணம், லேகியம், பற்பம் எதையும் நண்பர் சொன்னார் என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள். உங்கள் நாடியைப் பார்த்து ஒருவர் சொல்லட்டும்.

கிளம்பும் முன்னும் இறங்கிய பின்னும் மூன்று நிமிடம்: கழுத்தை இரு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். தோளைப் பின்னால் பத்து முறை சுழற்றுங்கள். உள்ளங்கையை மடித்து விரித்துப் பத்து முறை. இடுப்பில் கை வைத்துப் பின்னால் ஐந்து முறை சாயுங்கள். குதிகாலைப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். அவ்வளவுதான். வண்டி சூடாகும் நேரத்தில் நீங்களும் சூடாகிவிடுவீர்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். நடுவிரல் பிழைத்துவிட்டது. ஆள்காட்டி விரலின் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. நான்கு மாதம் தறியில் உட்காரவில்லை. அவன் பங்கு வேலையையும் அப்பாவே பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல நடுவிரலால் இழை பிடிக்கப் பழகினான். இப்போது நெய்கிறான், முன்பை விடக் கொஞ்சம் நிதானமாக.

புல்லட்டை விற்கவில்லை. போன மாதம் என்னைப் பார்க்க அதில்தான் வந்தான். பின்னால் அவன் மனைவி, முந்தானையை இழுத்துச் செருகியபடி. ஸாரி கார்டு புதிதாக மாட்டியிருந்தது. இறங்கியதும் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"பழகிடுச்சுங்க அய்யா" என்றான்.

உங்களுக்கும் பழகட்டும்.